பழைய சோபா, புதுத் தேதி

ஒரு சோபாவை வைத்து எட்டு நாள் ஓட்டலாம். முதல் நாள் கிழிந்த சோபா. இரண்டாம் நாள் அதே சோபா புதுத் துணியோடு. மூன்றாம் நாள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே படம். அப்புறம் துணியை இழுத்து ஸ்டேப்ளர் அடிக்கிற பதினைந்து நொடி வீடியோ. அப்புறம் கைப்பிடி மட்டும், கிட்டத்தில். அப்புறம் சோபாவின் சொந்தக்காரர் சொன்ன ஒரு நல்ல வார்த்தை, வெள்ளை எழுத்தில். அப்புறம் "உங்க வீட்டு சோபா எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி. எட்டாம் நாள் இது எல்லாவற்றையும் சேர்த்துப் பாட்டுப் போட்டு ஒரு நிமிடம். மூன்று மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து. யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இதுதான் என் வேலை. சோபா மட்டுமில்லை. முடி வெட்டுகிற கடை, பல் டாக்டர், சலவைக் கடை, சைக்கிள் கடை, பூச்செடி விற்கிற அம்மா என்று இருபத்து மூன்று சின்ன வியாபாரங்களின் பேஜ் என் கையில் இருந்தது. வருடத்துக்கு ஒரே ஒரு நாள் படம் எடுக்க விடுவார்கள். அந்த ஒரு நாளை நாங்கள் வருடம் முழுக்கத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுவோம். "ஒரு நாள் படம், தொண்ணூறு போஸ்ட்" என்று எங்கள் முதலாளி யாரைப் பார்த்தாலும் சொல்வார். அதனால் அவருக்குப் பெயரே தொண்ணூறு. முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டோம். இந்த ஊரில் என்னோடு என் பாஷை பேசுகிற ஆள் அவர் ஒருத்தர்தான். வேலை கிடைத்ததும் அதனால்தான்.

அந்த இருபத்து மூன்றோடு சேராத ஒன்று இருந்தது. ஊரில் அக்காவும் அத்தானும் நடத்துகிற சோபா ரிப்பேர் கடை. அந்த பேஜை நான் சும்மா பார்த்துக்கொண்டேன். சும்மா என்றால் ஆபீஸ் கம்ப்யூட்டரில், ஆபீஸ் நேரத்தில். தொண்ணூறுக்குத் தெரியும். "அக்கா கடைதானே, பண்ணு. ஆனா முறையா பண்ணு. தினம் தினம் படம் கேட்டு நச்சரிக்காதே. ஒரே தடவை வாங்கி வச்சுக்கோ" என்றார்.

அதற்கு முன்னால் நான் இரண்டு நாளுக்கு ஒரு முறை அக்காவுக்குப் போன் பண்ணுவேன். இன்றைக்கு என்ன வேலை வந்தது, என்ன கலர் துணி, ஒரு படம் எடுத்து அனுப்பு என்பேன். அவள் அதைச் சொல்லிவிட்டு, மாடி வீட்டுக்காரி தண்ணீர்க் குழாயை மூடாமல் போனது வரைக்கும் சொல்லுவாள். தொண்ணூறு சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு படமும் நாற்பது வீடியோவும் அனுப்பினாள். "போதுமாடா? விரல் தேஞ்சு போச்சு" என்றாள்.

"தாராளம்க்கா. இனிமே உன்னைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

அன்றைக்கு அதைப் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் கேட்க ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, "நல்லா இருக்கீங்களா?", "நல்லா இருக்கோம்", "சரி வச்சிரட்டா?" அவ்வளவுதான். ஆனால் தினமும் காலையில் போஸ்ட் போன அடுத்த நிமிடம் அக்கா பெயரில் ஒரு இதயம் வந்துவிடும். அதைப் பார்த்ததும் பேசி முடித்த மாதிரி இருக்கும். பதினொரு மாதம் அப்படிப் போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அக்கா பேஜில் ஒரு கமெண்ட் வந்தது. அன்று போனது பச்சை நிற ஒற்றை சோபா. மூன்றாவது சுற்று. அதற்குக் கீழே ஒரு அம்மா எழுதியிருந்தார்: "வண்டி பிடிச்சு சோபாவைத் தூக்கிட்டு வந்தேன். கடை பூட்டியிருக்கு. போனும் எடுக்க மாட்டேங்கறாங்க."

எங்களிடம் முப்பது பதில்கள் எழுதி நம்பர் போட்டு வைத்திருக்கிறோம். அக்கா பேஜுக்காக அதையே தமிழிலும் எழுதி வைத்திருந்தேன். கோபத்துக்கு இன்ன நம்பர், விலை கேட்டால் இன்ன நம்பர், கடை பூட்டியிருந்தால் நான்காம் நம்பர். பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் சைக்கிள் கடைக்கு அதைப் போட்டிருந்தேன். கை தானாகப் போய் அழுத்தியது: "மன்னிக்கவும். இன்று டெலிவரிக்காக வெளியே சென்றிருக்கிறோம். நாளை காலை பத்து மணிக்கு வாருங்கள். உங்களுக்காகக் காத்திருப்போம்."

அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று தோன்றவில்லை. கடைக்காரரைக் கேட்காமல் பதில் சொல்வதுதான் எங்கள் சேவை. தொண்ணூறு புதுக் கடைக்காரர்களிடம் முதலில் சொல்வதே அதுதான். "நீங்க கடையைப் பாருங்க. வாயை நாங்க பாத்துக்கறோம்."

மறுநாள் அந்த அம்மா ஒரு படம் போட்டார்.

பெரிதாக்கிப் பார்த்தேன். அக்கா கடை ஷட்டர். கீழ்ப்பக்கம் முழங்கால் உயரத்துக்கு மண் அப்பியிருந்தது. பூட்டில் துரு. நடுவில் யாரோ ஏதேதோ நோட்டீஸ் ஒட்டி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதற்கும் மேலே ஒரு அட்டை கம்பியில் தொங்கியது. "வாடகைக்கு." கீழே அக்காவின் போன் நம்பர். ஓரமாக நடைபாதையில் அந்த அம்மாவின் சோபா, ஒரு கை உடைந்து, கயிற்றால் கட்டி நிறுத்தியிருந்தது. "நாளைக்கு வாங்கன்னாங்க. வந்தேன். இவங்க காத்திருக்கிற லட்சணத்தைப் பாருங்க. ஊரை ஏமாத்தற கூட்டம்."

பதினொரு மாதத்தில் அந்தக் கடையிலிருந்து எனக்கு வந்த முதல் புதுப் படம் அது.

தொண்ணூறு என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "ஹைட் பண்ணு தம்பி. முதல்ல ஹைட். அப்புறம் யோசனை."

மறைத்துவிட்டேன். அதற்குள் நாற்பது பேர் பார்த்துவிட்டார்கள். மாடிப்படியில் இறங்கி, கட்டிடத்துக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகள் வைத்திருக்கிற சந்தில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"என்னடா, வேலை நேரத்துல கூப்பிடற? துரத்தி விட்டுட்டாங்களா?"

"அக்கா, கடை பூட்டியிருக்கா?"

"யாரு சொன்னா?"

"படம் பாத்தேன். வாடகைக்குன்னு அட்டை தொங்குது."

"ஆமா. அஞ்சு மாசம் ஆகுது."

"அஞ்சு மாசமா?"

"உங்க அத்தானுக்கு ஒரு நாள் காலையில ஸ்டேப்ளர் கையிலேர்ந்து விழுந்துச்சு. எடுக்கக் குனிஞ்சார். அப்புறம் எந்திரிக்கல. பக்கவாதம்னாங்க. கால் வந்துருச்சு, வீட்டுக்குள்ள நடக்கறார். வலது கை வரல. பேச்சு கொஞ்சம் இழுக்குது. அவ்வளவுதான்." மளிகைச் சாமான் ஒப்பிப்பது போல் சொன்னாள். பல பேரிடம் சொல்லிச் சொல்லி வழவழப்பாகியிருந்தது.

"என்கிட்ட ஏன்க்கா சொல்லல?"

"சொல்லத்தான் ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் பண்ணேன். எடுத்த உடனே நீ, 'அக்கா படம் எதுவும் வேணாம், நிறைய இருக்கு, வேலையா இருக்கேன்'னு வச்சுட்ட."

எனக்கு அது ஞாபகம் இல்லை. ஆனால் அது என் வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தைதான்.

"அதுக்கப்புறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அதுக்கப்புறம் நீ தினமும் போட்டுக்கிட்டே இருந்த. அவர் காலையில எந்திரிச்சதும் என் போனை வாங்கிருவார். இன்னைக்கு எது வந்திருக்குன்னு பாப்பார். இடது கையால அந்த இதயத்தை அமுக்குவார். நாலு தடவை தப்பும். நான் அமுக்கறேன்னாலும் விடமாட்டார். உன்கிட்ட சொன்னா நீ நிறுத்திருவ. சரி, ஓடற வரைக்கும் ஓடட்டும்னு விட்டுட்டேன்."

குப்பை வண்டி ஒன்று சந்துக்குள் வந்தது. சுவரோரம் ஒட்டி நின்றேன்.

"அதைப் பாத்துட்டு ஆளுங்க கூப்பிடுவாங்களே அக்கா?"

"ஏன் கூப்பிட மாட்டாங்க? நீதான் ஜோரா எழுதறியே. ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு. 'இப்ப வேலை எடுக்கறதில்லைங்க'ன்னு சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம். நேத்து போனை வீட்டுலயே வச்சுட்டு மருந்து வாங்கப் போயிருந்தேன். அந்த நேரம் பாத்து அந்தம்மா வந்திருக்கு. சரி, போயிருச்சுன்னு பாத்தா இன்னைக்கும் வந்து நிக்குது. நாளைக்கு வாங்கன்னு எழுதினது யாரு, நீயா?"

"நான்தான்."

"நினைச்சேன். 'உங்களுக்காகக் காத்திருப்போம்'னெல்லாம் நம்ம வீட்டுல யாருக்கு எழுத வரும்?"

அதில் கோபமில்லை. கோபம் அடுத்ததில் இருந்தது. எங்கள் கடைக்கு நேர் எதிரே ஒரு கர்ட்டன் கடை இருக்கிறது. அங்கே துணி எடுத்துக் காட்ட ஆள் வேண்டும் என்று கடைக்காரர் அக்காவைக் கேட்டிருந்தார். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லியிருந்தார். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மத்தியானம் ஓடி வந்து அத்தானைக் கவனித்துவிட்டுத் திரும்பலாம். அந்தத் தூரத்தில் வேறு வேலையே இல்லை. இன்று காலை சோபாவோடு வந்த அம்மா நடுத்தெருவில் நின்று, ஏமாற்றுக்காரர்கள் என்று கத்தியதைக் கர்ட்டன் கடைக்காரர் வாசலில் நின்று முழுக்கக் கேட்டிருக்கிறார்.

"இப்பதான் கூப்பிட்டு விட்டார். 'நம்ம கடையில ஆளை நம்பித்தான் துணியைத் தூக்கிக் குடுக்கறோம்மா. இந்தப் பேச்சு அடங்கட்டும், அப்புறம் பாக்கலாம்'னார். எனக்கு அந்த வேலை வேணும்டா. வேற எதுவும் வேணாம். அதை மட்டும் கெடுத்துடாதே."

"கெடுக்க மாட்டேன்க்கா."

"இதுவரைக்கும் நல்லதுதான் பண்ணியிருக்கியா?" என்றாள். சொன்ன பிறகு அவளே, "சரி, போய் வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டாள்.

மறைத்த கமெண்டைத் திரும்ப வெளியில் எடுத்தேன். தொண்ணூறு பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த அம்மாவுக்கு, நான் கடைக்காரம்மாவின் தம்பி, உங்களோடு பேச வேண்டும் என்று எழுதினேன். உடனே நம்பர் அனுப்பினார். சண்டைக்குத் தயாராக இருந்தவர் போல முதல் மணியிலேயே எடுத்தார்.

"நீங்கதான் காத்திருந்தவரா?"

"ஆமாங்க. நான் வெளிநாட்டுல இருக்கேன். அந்தப் பேஜைப் பாத்துக்கறது நான்தான். கடை மூடினது எனக்கே நேத்து வரைக்கும் தெரியாது."

"என்ன தம்பி கதை விடறீங்க? கடை மூடினது தெரியாது, ஆனா டெலிவரிக்குப் போயிருக்காங்கன்னு மட்டும் தெரியுமா?"

நான்காம் நம்பரைப் பற்றிச் சொன்னேன். முப்பது பதில்கள் இருப்பதைச் சொன்னேன். படங்கள் எல்லாம் ஒரு வருடம் பழையவை, அதைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "இதுக்கு ஒரு வேலையா? இதுக்குச் சம்பளம் வேற தராங்களா?" என்றார்.

"தராங்க."

"எங்க வீட்டுல மாமனார் ரெண்டு நாளா தரையில உக்காந்திருக்கார் தம்பி. அவருக்கு உக்காந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும்."

"மன்னிச்சுக்கங்க."

"அது அஞ்சாம் நம்பரா?"

அத்தானுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னேன். அந்த அம்மாவின் குரல் இறங்கியது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி. நான் எழுதினதை எடுக்க மாட்டேன். நீங்க எழுதுங்க. என்கிட்ட சொன்னதை அப்படியே அங்க எழுதுங்க. பொய் சொன்னது யாருன்னு நாலு பேருக்குத் தெரியட்டும். அதைப் பாத்துட்டு எடுக்கறேன்."

எழுத உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு அறுபது கேப்ஷன் எழுதுகிற கைக்கு அந்த எட்டு வரி வரவில்லை. "அன்பான வாடிக்கையாளர்களே" என்று ஆரம்பித்தது. அழித்தேன். "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்று வந்தது. அதையும் அழித்தேன். கடைசியில் மறுநாள் காலை அக்காவைக் கூப்பிட்டு, நீயே சொல்லு, நான் எழுதிக்கிறேன் என்றேன். போனை ஸ்பீக்கரில் போட்டாள். பக்கத்தில் அத்தான் இருந்தார்.

"மாப்ள" என்றார். வார்த்தை ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தது. "எப்படி இருக்க?"

ஐந்து மாதம் கழித்து அவர் என்னைக் கேட்கிறார். "நல்லா இருக்கேன் அத்தான். நீங்க?"

"பாதி நல்லா இருக்கேன்" என்று சிரித்தார். "இடது பக்கம் முழுக்க நல்லா இருக்கு. வலது பக்கத்தைக் கேக்காத."

அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன். அவருக்குக் கை வராமல் போனதால் கடையை மூடினோம் என்ற இடம் வந்ததும் அத்தான் நிறுத்தினார். "அது வேணாம்."

"காரணம் சொன்னாத்தானே நம்புவாங்க?" என்றாள் அக்கா.

"நம்பாட்டி போகட்டும். கையைப் பத்தி ஊருக்கெல்லாம் எதுக்கு? அந்த வீடியோ நாற்பதும் என் கைதான். மூஞ்சி ஒண்ணுலயும் இல்ல. பாக்கறவன் கையைத்தான் பாக்கறான். இப்ப அது செத்துப்போச்சுன்னு எழுதப் போறியா?"

கை இல்லாமல் எழுதினோம்.

"இந்தக் கடை மூடி ஐந்து மாதம் ஆகிறது. அதற்கு அப்புறம் இங்கே வந்த படம் எல்லாம் பழையது. போட்டது நான், கடைக்காரம்மாவின் தம்பி. தூரத்தில் இருக்கிறேன். நாளைக்கு வாங்க என்று எழுதியதும் நான்தான். கடை மூடியது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை. அக்காவும் அத்தானும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டு நாள் சோபாவைத் தூக்கிக்கொண்டு வந்து அலைந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

வியாழன் காலையில் அது போனது. வரிசையில் காத்திருந்த அறுபத்து நான்கு போஸ்டையும் நிறுத்தினேன். சாயங்காலத்துக்குள் அந்த அம்மா தன் படத்தை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் "பார்த்தேன். கடைக்காரம்மா மேல தப்பில்லை" என்று ஒரே வரி எழுதினார்.

வெள்ளிக்கிழமை அக்கா கூப்பிட்டாள். குரலில் ஏதோ இருந்தது, நல்லதா கெட்டதா என்று பிடிபடவில்லை.

"கர்ட்டன் கடைக்காரர் வரச் சொல்லிட்டார்டா. திங்கட்கிழமை."

"அப்பாடா."

"இரு. ஒண்ணு கேக்கறார். நீ எழுதினதை அவரும் படிச்சிருக்கார். அதோட அந்தப் பேஜையும் பாத்திருக்கார். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் இருக்காங்களாமே? 'எங்க கடை பேஜ்ல நாற்பது பேர்கூட இல்ல, அதுல பாதி என் சொந்தக்காரங்க'ங்கறார். 'நீங்கதான் கடையை மூடிட்டீங்களே, அது சும்மாதானே கிடக்கு, பேரை மாத்தி நம்ம கடைக்குக் குடுத்துருங்க'ங்கறார்."

அதை எப்படிச் செய்வது என்பது எனக்குத் தெரியும். நாங்களே மூன்று கடைகளுக்குச் செய்திருக்கிறோம். மூடிப்போன கடையின் பேஜை வாங்கி, பெயரை மாற்றி, பழைய படங்களை அழித்துவிட்டுப் புதுக் கடையின் படத்தைப் போட்டால், இருக்கிற ஆட்கள் அப்படியே இருப்பார்கள். நூற்றுக்கு இரண்டு பேர்கூடக் கழன்றுகொள்ள மாட்டார்கள்.

"குடுக்கலைன்னா?"

"குடுக்கலைன்னா வேலை இல்லைன்னு சொல்லல. ஆனா கேட்டுட்டு நிக்கறார். நான் கையைக் கட்டிக்கிட்டு வேலைக்கு நிக்கறேன். என்னத்தைச் சொல்றது?"

"அத்தான் என்ன சொல்றார்?"

"அவர்கிட்ட நான் கேக்க மாட்டேன். நீ கேளு."

கேட்டேன். கேட்கிறபோது, பழைய படம் எல்லாம் போய்விடும் என்பதையும் சொன்னேன். எங்கோ பிரஷர் குக்கர் கத்தி அடங்கியது.

"அந்த ஆறாயிரம் பேரும் சோபா இருக்கறவங்கதானே மாப்ள?"

"அப்படித்தான் அத்தான்."

"சோபா இருக்கறவன் வீட்டுல ஜன்னலும் இருக்கும். குடுத்துரு."

"நீங்க தினம் பாக்கறீங்கன்னு அக்கா சொன்னா. எல்லாத்தையும் தனியா எடுத்து உங்களுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"

"எதுக்கு? உக்காந்து வேடிக்கை பாக்கவா? பாத்ததெல்லாம் போதும். இவ நாளெல்லாம் நிக்கப் போறா. அதுக்கு ஆகட்டும்."

தொண்ணூறிடம் சொன்னபோது தலையை ஆட்டினார். "அந்தக் கர்ட்டன்காரருக்கு மூளை இருக்கு. ஆறாயிரம் பேரைக் குப்பையில போடறதா? உங்க அக்காவுக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. யாருக்கு நஷ்டம் சொல்லு?" அவர் கெட்டவர் இல்லை. யாருக்கு நஷ்டம் என்று உண்மையாகவே கேட்டார்.

சனிக்கிழமை ஆபீசில் வேறு யாரும் இல்லை. கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டிடத்தின் ஏசி பெட்டிகள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. பெயரை மாற்றினேன். மேலே இருந்த படத்தை எடுத்துவிட்டுக் கடைக்காரர் அனுப்பிய கர்ட்டன் படத்தை வைத்தேன். போஸ்ட்களை ஒவ்வொன்றாக அழிக்க வேண்டியதில்லை. ஐம்பது ஐம்பதாக டிக் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினால் போய்விடும். ஏழு தடவை அழுத்தினேன். ஆறு நிமிடம் ஆனது. மன்னிப்புக் கேட்டு எழுதியதும் அதில் போயிற்று. கடைக்காரர் அது வேண்டாம், புதுக் கடைக்கு நல்லா இருக்காது என்று சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் கர்ட்டன் படம் போனது. கீழே ஒருவர், "உங்க வேலை எப்பவுமே சூப்பர்" என்று எழுதியிருந்தார்.

திங்கட்கிழமை அக்கா வேலை முடிந்து வருகிற நேரம் கணக்குப் பார்த்துக் கூப்பிட்டேன். இந்த வாரத்தில் இது எத்தனையாவது தடவை என்று அவளுக்கே சலித்திருக்க வேண்டும். "என்னடா, தினமும் வருகைப் பதிவேடா?" என்றாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நிக்கணும். அவ்வளவுதான். உக்காரறதுக்கு ஒரு ஸ்டூல் இருக்கு, ஆனா அது கஸ்டமர்க்கு. ஒருத்தி வந்து இருபத்தெட்டுத் துணியைப் பிரிக்க வச்சுட்டு, வீட்டுக்காரரைக் கேட்டுட்டு வரேன்னு போயிட்டா. எல்லாத்தையும் மறுபடி மடிச்சேன். கடைக்காரர் மடிப்பு நல்லா இருக்குன்னார். கடையிலேர்ந்து பாத்தா நம்ம ஷட்டர் நேராத் தெரியுது. இனிமே முதுகு காட்டி நிக்கணும். இந்தா, உங்க அத்தான் கேக்கறார், பேசு. நான் கால் கழுவிட்டு வரேன்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. எங்கோ இடித்தது. அப்புறம் அவர் மூச்சு.

"எல்லாம் அழிச்சிட்டியா மாப்ள?"

"ஆமா அத்தான்."

"கடைசியா எதை அழிச்ச?"

டிக் போட்டு ஐம்பது ஐம்பதாக அழித்தேன் என்று சொல்ல முடியவில்லை. அவர் ஏதோ ஒரு சோபாவின் பெயரைக் கேட்கக் காத்திருக்கிறார் என்று தோன்றியது. கண்ணில் நின்ற ஒன்றைச் சொன்னேன்.

"அந்தச் சிவப்பு சோபா அத்தான். மூணு பேர் உக்கார்றது. சாய்ற இடத்துல வரிசையா கறுப்புப் பட்டன் வச்சது. அழிக்க மனசே வரல."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"அது நான் செஞ்சதா மாப்ள?"

"என்ன அத்தான்?"

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாள் காலையில அது வந்துச்சு. எனக்கு அடையாளமே தெரியல. நான் பட்டன் வச்ச வேலை எடுக்கறதே கிடையாது, அது கோணிக்கும். ஆனா நம்ம பேஜ்ல வந்திருக்கே. இவகிட்ட காட்டினேன். உங்க வேலைதான், வேற யாருதுன்னா. அன்னைக்குப் பூரா அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். எந்த வீட்டுது, எந்தத் துணி, எப்ப தைச்சேன், ஒண்ணும் வரல. உண்மையைச் சொல்லு. அது நான் செஞ்சதா?"

அந்த வாரம் நீலம், சாம்பல் என்று ஒரே மங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. வரிசைக்கு நடுவில் ஒரு பளிச்சென்ற நிறம் வேண்டும் என்று, ஆபீசில் எல்லாக் கடைக்கும் பொதுவாக வைத்திருக்கிற படங்களிலிருந்து எடுத்துச் செருகினேன். யார் சோபா, எந்த நாட்டுச் சோபா என்று எனக்குத் தெரியாது.

"இல்ல அத்தான்" என்றேன். "அது நம்ம கடைது இல்ல. நான் வேற இடத்துலேர்ந்து எடுத்துப் போட்டேன்."

"அப்படியா."

"அழகா இருக்கட்டும்னு போட்டேன்."

"அழகாத்தான் இருந்துச்சு." குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது. அக்கா வந்துவிடுவாள் என்றோ என்னவோ அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் பயந்துட்டேன் மாப்ள. கை போன மாதிரி மூளையும் போகுதோன்னு. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போனப்ப, செஞ்ச வேலையே மறந்து போகுதுங்கன்னு சொன்னேன். ஞாபகத்துக்குன்னு ஒரு மாத்திரை சேர்த்துக் குடுத்தார்."

"இன்னும் சாப்பிடறீங்களா அத்தான்?"

"சாப்பிடறேன். காலையில ஒண்ணு."